அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை, பாட்டு மட்டும் வருகிறது: பதில்

பக்கவாதம் வந்து நான்கு மாதமாகியும் "தண்ணி" என்றுகூடச் சொல்ல முடியாத அப்பா பழைய பாட்டை வரி பிசகாமல் பாடுகிறார், நடிக்கிறாரோ என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள். நடிப்பு இல்லைங்க. பேச்சுக்கான பகுதி பெரும்பாலானோருக்கு மூளையின் இடப்பக்கம். மனப்பாடமான பாட்டு அதை மட்டுமே நம்பியில்லை, அதனால் தங்கிவிடுகிறது.

ஆனால் பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் பேச்சு திரும்பாது. 1973-இல் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. "தண்ணி வேணும்" போன்ற அன்றாடப் பேச்சை ஏற்றம், இறக்கம் என இரண்டே சுரத்தில் இழுத்துச் சொல்வது. ஒவ்வொரு அசைக்கும் அவர் இடது கையால் மேசையில் ஒரு தட்டு. முதலில் சேர்ந்து பாடுங்கள். பிறகு பாதியில் நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள், மிச்சத்தை அவர் முடிக்கட்டும். பழகப் பழக ராகத்தைக் குறைத்துப் பேச்சாக்குங்கள்.

சொன்னது புரிந்து, பதில் சொல்ல மட்டும் திணறுபவர்களுக்கே இது பொருந்தும். அதனால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள். தினமும் செய்ய வேண்டும், அலுப்புத்தான். எங்கள் சித்தப்பா வாயில் முதலில் வந்த சொல் "போதும்". பயிற்சியைத்தான் சொன்னார்!