வெச்சிருக்கலாமா வீசலாமா: நோட்டீஸ், பெனர், லோகோ கேள்வி பதில்

போன கிழம ஒரு வரி எழுதிப் போட்டன், டிசைன்ல எந்த ட்ரெண்ட வெச்சிருக்கணும் எத வீசணும் எண்டு கேக்கிறாக்கள் கேளுங்க, தெரிஞ்சத சொல்றன் எண்டு. நாலஞ்சு பேர் கேப்பாங்க எண்டுதான் நெனச்சன், போன் சூடாகிட்டு. என்னத் தெரியாதாக்களுக்கு: கல்முனையில ஒரு பிரஸ்ல 14 வருஷம் கம்பியூட்டருக்கு முன்னால இருந்தவ, இப்ப கல்லடியில வீட்டுல இருந்து செய்யிறன், மரண அறிவித்தல்ல இருந்து தயிர்ச்சட்டி லேபல் வரைக்கும். கம்பஸ்ல டிசைன் படிச்ச ஆள் இல்ல, அத மனசுல வெச்சிட்டு வாசிங்க.

களுவாஞ்சிக்குடி தம்பி: அக்கா, டியூஷன் சேர்மாருக்கு போஸ்டர் செய்யிறன். எல்லாருக்கும் பின்னால நெருப்பு, மின்னல், முன்னால சேர் கைகட்டி நிக்கணும். எனக்கு அலுத்துட்டு. நிப்பாட்டலாமா?

நெருப்ப நிப்பாட்டு மனே, சேர நிப்பாட்டாத. அம்மாமார் அந்த முகத்தப் பாத்துத்தான் "ஓ, இவரா, இவர்ட்டதான் மூத்தவன் படிச்சவன்" எண்டு புள்ளைய அனுப்புறாங்க, அது ட்ரெண்ட் இல்ல, நம்பிக்க. ஆனா அந்த எரிமல, உடையிற கண்ணாடி, எழுத்தச் சுத்தி மஞ்சள் வெளிச்சம், அதுக்கு மேல வெள்ளக் கோடு, அதுக்கும் மேல கறுப்பு நிழல், இதெல்லாம் எடுத்தா சேர் கொஞ்சம் மூச்சு விடுவார். ஒருக்கா சந்தியில மோட்டசைக்கிள்ல போகக்குள்ள ஒரு போஸ்டரப் பாத்தன், சேர்ட பேர் தெரிஞ்சிச்சு, "வரலாற்றில் முதற்தடவையாக" தெரிஞ்சிச்சு, கிளாஸ் என்ன கிழம எத்தின மணிக்கு எண்டது ஒரு மூலைக்குள்ள எறும்பு மாதிரி. அதத்தான் பெரிசாக்கணும். பாடம், வருஷம், கிழமயும் நேரமும், இடம், போன் நம்பர். மிச்சமெல்லாம் இடமிருந்தா.

ஏறாவூர் தங்கச்சி: ராத்தா, இப்ப நிக்காஹ் கார்ட் எல்லாம் கிரீம் கலர்ல மெல்லிசா கோல்ட் எழுத்து. பாக்க வடிவுதான். உம்மம்மாக்கு வாசிக்க ஏலாம கிடக்கு.

உம்மம்மா சொல்றதுதான் சரி. வெப் பக்கங்களுக்கு ஒரு உலக விதி இருக்கு, சின்ன எழுத்துக்கும் பின்னால இருக்கிற கலருக்கும் வெளிச்ச வித்தியாசம் ஆகக்குறஞ்சது 4.5க்கு 1 இருக்கணும், பெரிய எழுத்தெண்டா 3க்கு 1 போதும். கிரீம்ல கோல்ட் வெச்சா 2க்கு 1 கிட்டத்தான் வரும். அச்சுல மினுங்குற போயில் அடிச்சா ஒரு பக்கம் சரிச்சுப் பாத்தா தெரியும், நேரா பாத்தா காணாமப் போயிரும். அதால கோல்ட மாப்பிள பொண்ணுட பேருக்கு மட்டும் வைங்க, தடிப்பா. மண்டபம், நேரம், திகதி எல்லாம் கடும் பச்சயோ கடும் மண்ணிறமோ. வடிவு ஒண்டும் குறையாது.

ஒரு பிரஸ்காரர், அக்கரைப்பற்று: பாமினி எண்ட பழைய தமிழ் பொன்ட விட்டுட்டு யூனிகோடுக்கு (எல்லா மிஷின்லயும் தமிழ் தமிழாவே தெரியிற முறை) மாறச் சொல்றாங்க. கை பாமினிக்குப் பழகிட்டு, இருபது வருஷ பைல் கிடக்கு. என்னத்துக்கு மாறணும்?

நானா, கோவிக்காதீங்க, இதுக்கு கொஞ்சம் நீளமா எழுதணும்.

பாமினி கெட்டது இல்ல. பிரஸ்ல பாவிச்ச அந்தக் காலத்து சொப்ட்வெயார், பேஜ்மேக்கருக்கும் கோரல்ட்ராவுக்கும், தமிழ் எழுத்த ஒழுங்கா கோர்க்கத் தெரியாது, அப்ப பாமினி இல்லாட்டி நம்மட ஊர்ல ஒரு கோயில் நோட்டீஸ் கூட அடிச்சிருக்க ஏலாது. ஆனா அது உள்ளுக்க தமிழ் இல்ல. ஆங்கில எழுத்துகள் ஒவ்வொண்டுக்கும் தமிழ் சட்ட போட்டு விட்ட மாதிரி. சட்டய கழட்டினா, அதாவது அந்த பொன்ட் இல்லாத மிஷின்ல திறந்தா, "தமிழ்" எண்ட சொல்லே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கிடக்கும். போனுக்கு அனுப்பினா அப்பிடித்தான் தெரியும், கூகுள்ல தேடினா வராது, மரண அறிவித்தல் பேர இன்னொரு பைலுக்கு கொப்பி பண்ண ஏலாது.

ரெண்டாவது, பாமினி பழகின கை வீணாப் போகாது. அதே பாமினி விசைப்பலகையில அடிச்சு யூனிகோடா வர வைக்கிற மென்பொருள் இலவசமாவே கிடைக்குது. பழைய பைல அப்பிடியே விடுங்க, மாத்துறதுக்கு கன்வேர்ட்டர் இருக்கு, தேவைப்படுறத மட்டும் மாத்துங்க. மாத்திட்டு ஒருக்கா கண்ணால வாசிங்க, "ஸ்ரீ", "க்ஷ" இடங்கள்ல கன்வேர்ட்டர் சறுக்கும்.

யூனிகோட போட்டோஷொப்ல ஒட்டினா "கோயில்" எண்டதுல கொம்பு க-க்கு பின்னால போய் நிக்குது எண்டு சிலபேர் விட்டுட்டு ஓடுறாங்க. பழைய வெர்ஷன்ல பிரிபரன்ஸ்ல டைப் எண்ட இடத்துக்குப் போய் தெற்காசிய எழுத்துக்கான லேஅவுட்ட தெரிவு செஞ்சு, திருப்பி ஓப்பன் பண்ணினா சரி வரும். கொம்பு பிழைச்ச பெனர் ஒண்டு ரோட்டுல தொங்குறத விட பெனரே இல்லாம இருக்கலாம், இது என்ட தனிப்பட்ட பைத்தியம் எண்டு வெச்சுக்கங்க.

அப்ப எந்த யூனிகோட் பொன்ட்? (இத ஆறு பேர் கேட்டிருக்கீங்க)

கூகுள் பொன்ட்ஸ்ல இலவசமா கிடக்கிறதுலயே போதும். அனெக் தமிழ் எனக்கு இப்ப வலது கை, ஒரே குடும்பத்துல ஒடுக்கமாவும் அகலமாவும் வரும், நம்மட நீளமான சொல்லுக்கு ஒடுக்கம் பெரிய உதவி, "பூப்புனித நீராட்டு விழா"வ ஒரு வரியில அடக்கிப் பாத்தாக்களுக்குத்தான் அந்த அரும தெரியும். கட்டமரன் மெல்லிசுல இருந்து தடிப்பு வரைக்கும் 9 நிறை, பேரே நம்மட கட்டுமரம்தான். முக்த மலர் நீளமா வாசிக்கிறதுக்கு. பலூ தம்பி ஐஸ்கிறீம் கடைக்கும் நேர்சரிக்கும், அத மரண அறிவித்தலுக்கு போட்ட ஒரு ஆள எனக்குத் தெரியும்.

இன்னொண்டு. ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளிய தமிழுக்கு வெச்சா மேல் வரிட "கு", "மூ" கீழ் வரிட "கி", "பீ"ல போய் முட்டும். எழுத்தளவுக்கு ஒண்டரை மடங்கு குடுங்க.

கல்முனை, சாப்பாட்டுக் கட வெச்சிருக்கிற ஒரு மகன்: வாப்பா காலத்து போர்ட், கையால எழுதினது. அத எடுத்துட்டு வெளிநாட்டு கம்பனி மாதிரி சிம்பிளா, பிளாட்டா ஒரு லோகோ வைக்க ஆச. செய்து தருவீங்களா?

செய்து தரமாட்டன். ஏனெண்டு சொல்றன்.

எல்லாத்தயும் தட்டையாக்கிற காய்ச்சல் 2013ல ஐபோன் திரைய ஆப்பிள் மாத்தினதுக்கு பிறகுதான் எல்லாருக்கும் தொத்தினது. போன்ல சின்ன ஐக்கனுக்கு அது நல்லம், நானும் அத வீசச் சொல்லமாட்டன். ஆனா மறுகா என்ன நடந்திச்சு, உடுப்பு கம்பனி கார் கம்பனி எல்லாம் ஒரே மாதிரி, முனையில குட்டிக் கோடு இல்லாத தடிச்ச எழுத்துக்கு மாறிச்சு, பேர மறைச்சா எது எதெண்டு தெரியாது. கேப் எண்ட உடுப்புக் கம்பனி 2010ல பழைய லோகோவ மாத்தி, சனம் ஏசின ஏச்சுல ஒரு கிழமைக்குள்ள பழசுக்கே திரும்பிச்சு. பர்பெரி எண்ட இன்னொரு உடுப்புக் கம்பனி 2018ல லோகோவ மொட்டையாக்கி, 2023ல குதிரயில போற வீரன திருப்பிக் கூட்டிட்டு வந்திச்சு. பர்கர் கிங் 2021ல வெச்சது புதுசு இல்ல, 1969லயும் 1994லயும் இருந்த பன் லோகோட சாயல்தான். அவங்க கோடி கோடியா செலவழிச்சு தேடுற சாமான் உங்கட கட முகப்புல சும்மா தொங்குது.

நான் பிரஸ்ல சேந்த புதுசுல போர்ட் எழுதுற ஒரு ஐயா வருவார், பெயின்ட் மணத்தோட. அவர் "ழ" எழுதுறத பாத்துக்கிட்டே நிப்பன். தூரிகைய படுக்கப் போட்டு தொடங்கி, வளைவுல நிமிர்த்தி, கடசியில ஒரு சுழட்டு. அந்த தடிப்பும் மெல்லிசும் எந்த பொன்ட்லயும் இல்ல. உங்கட போர்ட்ட வெயில் நேரா விழாத காலம நேரத்துல முன்னுக்கு நிண்டு போட்டோ எடுங்க, சரிச்சு எடுக்க வேணாம். நான் அதுக்கு மேலால கோடு இழுத்து வெக்டர் (எவ்வளவு பெரிசாக்கினாலும் உடையாத படம்) ஆக்கித் தாறன், சாப்பாட்டு பேக்லயும் மெனுவுலயும் அதே எழுத்த போடலாம். அதுக்கு சல்லி வாங்குவன்.

பாசிக்குடா, ஹோம்ஸ்டே: லோகோக்கு மட்டக்களப்பு வாவிட பாடும் மீன் வைக்கலாமா?

வைக்கலாம், உங்கட பக்கத்து வீட்டு ஹோம்ஸ்டேயும் வெச்சிருக்கும், அதுக்கு பக்கத்துலயும். மட்டக்களப்பு எண்டாலே மீன், மீன் எண்டா ஒரு சுருதிக் குறி, முடிஞ்சிது. வாவியில தோணி, பாலமீன்மடு வெளிச்சவீடு, மருதமுனை நெசவுல வாற கோடுகள், கூத்துல போடுற கரப்புடுப்புட வடிவம் எண்டு எவ்வளவோ கிடக்கு. அந்தக் கரப்புடுப்ப பென்சிலால கீறிப் பாருங்க, அதுவே ஒரு லோகோ. மூணு மொழியில பேர் போடுறதெண்டா பொயிண்ட் அளவ நம்பாதீங்க, தமிழ் "ம"வும் ஆங்கில சின்ன எழுத்தும் கண்ணுக்கு ஒரே உயரமா தெரியிற வரைக்கும் கூட்டிக் குறைங்க.

கேள்வி: ஆப்பிள் போன் திரைய கண்ணாடி மாதிரி கொண்டு வந்திருக்கே, ரெஸ்டூரன்ட் மெனுவுக்கு செய்யலாமா?

வேணாம். 2025ல அவங்க கொண்டு வந்தத வாசிக்க ஏலல்ல எண்டு சனம் சொல்லி, அவங்களே பிறகு கண்ணாடிய மங்கலாக்கிற ஒப்ஷன் குடுத்தவங்க. கொத்து ரொட்டி விலைக்கு பின்னால என்னத்துக்கு கண்ணாடி.

தம்பிலுவில் தங்கச்சி: அக்கா, எங்கட ஊர் அம்மன் சடங்குக்கு பெடியனுகள் ஏஐல படம் எடுத்து பெனர் அடிச்சிருக்கானுகள். நல்லா இருக்கெண்டு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு என்னவோ மாதிரி இருக்கு.

அந்த மாதிரி பெனர் ஒண்ட நானும் பாத்தன். கண்ணகைட கையில சிலம்புக்கு பதிலா ஸ்டியரிங் மாதிரி ஒரு வளையம், விரல எண்ணினன், ஆறு. பின்னால கோபுரத்துல தமிழ் மாதிரி ஒரு எழுத்து, தமிழ் இல்ல. ஏஐய முழுசா வீசச் சொல்லல்ல, நானே பின்னணிய அழிக்க, பழைய போட்டோட கீறல எடுக்க பாவிக்கிறன், முந்தி ஒரு மணித்தியாலம் போறது இப்ப ரெண்டு நிமிஷம். ஆனா நம்மட அம்மன் எப்பிடி இருப்பா எண்டு அதுக்கு தெரியாது. உங்கட கோயில்ல சாத்துப்படியோட எடுத்த ஒரு போட்டோ இருக்கும், ஐயாமார்ட்ட கேட்டுட்டு அதப் போடுங்க. இல்லாட்டி பழைய முறைக்கே போங்க: றோஸ் தாள், ஒரே மை, மேல பிள்ளையார் சுழி, கீழ உபயகாரர் பேர் வரிசையா. சின்ன வயசுல அந்த றோஸ் நோட்டீஸ் கதவிடுக்கால வந்து விழுந்தா சடங்கு தொடங்கிட்டு எண்டு நமக்கு விளங்கும். ஒரு கலர் அச்சு, காசும் குறைவு. இத நான் கட்டாயம் வெச்சிருக்கணும் எண்டு சொல்லுவன்.

சம்மாந்துறை தம்பி: பெனர்ல போட்டோ உடைஞ்சு போகுது.

10 அடி பெனருக்கு 72 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி) எண்டாலே 8640 பிக்சல் அகலம் வேணும். வட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பின படம் 1600தான் வரும். டொக்கியுமென்டா அனுப்பச் சொல்லுங்க.

ஓட்டமாவடி: போஸ்டர்ல கியூஆர் கோட் போடுறது பேஷனா, பிரயோசனமா?

பிரயோசனம், ஒழுங்கா போட்டா. சுத்தி வெள்ள இடம் விடணும், வெளிறின கலர்ல கடும் கலர்தான். ஸ்கேன் பண்ற தூரத்துல பத்துல ஒரு பங்கு அளவு வைங்க, ரெண்டு மீற்றர் தள்ளி நிண்டு எடுக்கிறதெண்டா 20 சென்ரிமீற்றர். ஓடுற பஸ்ஸுக்கு பின்னால கியூஆர் ஒட்டுறாக்களுக்கு நான் ஒண்டும் சொல்லல்ல.

ஆரையம்பதி, ஒரு அக்கா: மரண அறிவித்தல், கண்ணீர் அஞ்சலி பெனர்ல மேகம், மெழுகுதிரி, ரோசாப்பூ, கண்ணுல தண்ணி. அத வீசலாமா?

இத வீசு எண்டு சொல்ல எனக்கு வாய் வராது அக்கா. செத்த வீட்டுல இருந்து வாறாக்கள் டிசைன் கேட்டு வாறல்ல, எல்லாருக்கும் போட்ட மாதிரி எங்கட ஆளுக்கும் போடுங்க எண்டுதான் வாறாங்க. மேகம் இருந்திட்டுப் போகட்டும்.

ஒண்டே ஒண்ட நான் நிப்பாட்டிட்டன். அடையாள அட்டப் போட்டோவுல இருந்து தலைய வெட்டி கோட் சூட் உடம்புல ஒட்டுறது. பிரஸ்ல ஒரு போல்டர் இருந்திச்சு, கறுப்பு, நீலம், சாம்பல், மூணு உடம்பு, எல்லாருக்கும் அதுதான். ஒருக்கா வெல்லாவெளிப் பக்கம் ஒரு வயல்கார அப்பப்பாக்கு நீலத்த ஒட்டிக் குடுத்தன். மகன் பாத்துட்டு "கம்பீரமா இருக்கார்" எண்டார். கூட வந்த பேரப்புள்ள, ஏழெட்டு வயசிருக்கும், கொஞ்ச நேரம் பாத்துட்டு "இது ஆரு?" எண்டு கேட்டிச்சு. மகன் பேசாம நிண்டார். மறுகா போன தோண்டி ஒரு போட்டோ எடுத்துத் தந்தார், அப்பப்பா வரம்புல சாரத்தோட, தோள்ல துவாய், வெயிலுக்கு கண்ண சுருக்கிக்கிட்டு. அதத்தான் அடிச்சம். படம் கொஞ்சம் உடைஞ்சுதான் வந்திச்சு.

கல்லாறு தம்பி: அக்கா, அந்த கோட் சூட் போல்டர் இப்பயும் உங்கள்ட்ட கிடக்கா? ஒரு ஓடருக்கு அவசரமா வேணும்.

கிடக்கு. தரமாட்டன். வீட்டாக்கள்ட்ட வேற போட்டோ இருக்கா எண்டு கேளு.