50 மாநிலங்களிலும் செல்லும் சான்றிதழ்: நம்பி வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், உரிமம் பெற்ற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பணிபுரிகிறேன். ஆண்டுக்குக் கட்டாயமான 24 மணிப் பயிற்சியை முடிக்க ஒரு மாதமே இருக்கிறது. '24 மணிப் பயிற்சி முழுவதையும் வீட்டிலிருந்தே முடிக்கலாம், 2.4 சி.இ.யூ. (தொடர்கல்வி அலகு), 50 மாநிலங்களிலும் செல்லும்' என்று ஓர் இணைய நிறுவனம் விளம்பரம் செய்கிறது. பணம் கட்டலாமா?

பதில்: முழுத் தொகுப்பாக வாங்காதீர்கள். நிறுவனம் நேர்மையானதாகவே இருந்தாலும் உங்களுக்கு இடிக்கும். தாமாகவே படித்து முடிக்கும் பாடங்களை டெக்சாஸ் 80 சதவீதம் வரைதான் ஏற்கிறது. 24 மணியில் அது 19 மணி சொச்சம். மீதி ஏறக்குறைய 5 மணி, பயிற்றுநரிடம் கேள்வி கேட்டுப் பதில் பெறும் வாய்ப்புள்ள வகுப்பாக இருக்க வேண்டும். அதற்காக ஊர் விட்டு ஊர் அலைய வேண்டாம், காணொலி வழி நேரலை வகுப்பே போதும். முதலுதவி, சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்குச் செய்யும் உயிர்காப்பு) பயிற்சி கட்டாயம்தான். ஆனால் அந்த மணிகள் இந்த 24-இல் சேராது.

'50 மாநிலங்கள்' என்பது விற்பவரின் பேச்சு. சி.இ.யூ. ஓர் அளவு மட்டுமே: 10 மணிப் பயிற்சிக்கு 1. ஐ.ஏ.சி.இ.டி. என்ற அமைப்பு பயிற்சி நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தருகிறது. ஆனால் உங்கள் மணிகளை ஏற்பதும் தள்ளுவதும் மாநில உரிமத் துறையின் கையில். புளோரிடா ஆண்டுக்கு 10 மணி கேட்கிறது, நியூயார்க் 2 ஆண்டுகளுக்கு 30 மணி. விதிகளே இப்படி வேறுபடும்போது ஒரே சான்றிதழ் எங்கும் செல்லும் என்று எப்படி உறுதி சொல்ல முடியும்?

பணம் கட்டும் முன், பயிற்றுநர் மாநிலப் பயிற்றுநர் பதிவேட்டில் இருக்கிறாரா என்று தேடுங்கள். கல்லூரி ஆசிரியர், மருத்துவர், செவிலியர் போன்றோர் நடத்துவதும் ஏற்கப்படும். அதனால் பதிவேட்டில் இல்லை என்றதும் ஒதுக்கிவிட வேண்டாம், தகுதியை எழுத்தில் கேளுங்கள். மாதிரிச் சான்றிதழையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் பெயர், தேதி, தலைப்பு, பயிற்றுநர் பெயர் (தாமாகப் படிக்கும் பாடமானால் வழங்கும் நிறுவனம்), எத்தனை மணி ஆகியவை அதில் இருக்க வேண்டும். 2.4 என்று மட்டும் அச்சிட்டு மணிக்கணக்கை விட்டிருந்தால் வாங்காதீர்கள்.

'வரம்பற்ற பாடங்கள்' என்ற சந்தாக்கள் பல தாமாகவே புதுப்பித்துக்கொண்டு பணம் எடுக்கும். ரத்து செய்யும் முன் சான்றிதழ்களைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டில் செலுத்துவது நல்லது. ஒப்புக்கொண்டபடி சேவை கிடைக்காவிட்டால், அந்தக் கட்டணம் இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாள்களுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட அமெரிக்காவின் 1974-ஆம் ஆண்டு நியாயக் கடன் பில்லிங் சட்டம் வழி தருகிறது.

கேள்வி: சி.டி.ஏ. என்ற குழந்தைப் பராமரிப்புப் பணியாளர் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கவும் இந்த மணிகளையே காட்டலாமா?

பதில்: அது மாநிலத்தின் கணக்கல்ல, தனிக் கணக்கு. சி.டி.ஏ. 3 ஆண்டுகள் செல்லும். புதுப்பிக்க 45 மணி, அல்லது 4.5 சி.இ.யூ., அல்லது 3 கிரெடிட் கொண்ட கல்லூரிப் பாடம் தேவை. தகுதி பெற்ற பிறகு முடித்த பயிற்சியாகவும் இருக்க வேண்டும். முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு 120 மணி. தனிநபர் ஆலோசகர்கள் நடத்தும் வகுப்புகளும் மாநாட்டு அமர்வுகளும் அந்த 120 மணியில் சேராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அவற்றில் பணம் போடுபவர்கள் பிறகு அதே மணிகளை வேறோர் இடத்தில் மீண்டும் வாங்க வேண்டியிருக்கும்.