பெரிய ஓக் மரத்தை வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்குமா?

வேர் பெரிதாக இருந்தால் துளிரும் நிறைய வரும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி சரி. துளிர் வருமா என்பது வேறு, வந்த துளிர் எவ்வளவு வேகமாக வளரும் என்பது வேறு.

ஓக் கட்டையில் துளிர்ப்பவை வெட்டிய பிறகு புதிதாக உண்டாகும் மொட்டுகள் அல்ல. மரம் நாற்றாக இருந்தபோதே உருவாகி, தண்டு பருக்கப் பருக்கப் பட்டைக்கு அடியிலேயே உறங்கிக் கிடப்பவை. மேலே மரம் போனதும் விழித்துக்கொள்ளும். மரம் முதிர முதிர இவற்றில் பல செத்துப்போகும். மிச்சமிருப்பவை தடித்த பட்டையைப் பிளந்து வெளியே வரத் திணறும். அதனால்தான் 10, 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டை பெரும்பாலும் தவறாமல் துளிர்க்கிறது; 50, 60 சென்டிமீட்டர் கட்டை பல நேரம் அப்படியே மக்கிவிடுகிறது. வெள்ளை ஓக்கில் இந்தச் சரிவு சீக்கிரமே வந்துவிடும். வடக்குச் சிவப்பு ஓக், செஸ்ட்நட் ஓக் இரண்டும் அதைவிடத் தாக்குப்பிடிக்கும்.

வளர்ச்சி வேகத்தில் கதை மாறுகிறது. மிகச் சிறிய கட்டையின் வேரில் சேமிப்பு குறைவு. நடுத்தரக் கட்டையில் மாவுச்சத்து கணிசமாக இருக்கும், மொட்டும் உயிரோடு இருக்கும். அதன் துளிர்தான் மளமளவென்று உயரும்.

உங்கள் மரம் துளிர்க்க வேண்டுமென்றால் இலையுதிர்ந்த குளிர்காலத்தில், தரையை ஒட்டி வெட்டுங்கள். கட்டையில் உயரத்தில் கிளம்பும் துளிருக்குள் பழைய கட்டையின் அழுகல் எளிதாகப் பரவும். அப்புறம் வெயில்: சுற்றிலும் நிழல் கவிந்திருந்தால் வந்த துளிரும் சில ஆண்டுகளில் நலிந்துவிடும்.