பழைய மர ஸ்டூல் மேல் டிசைன் பேப்பர் ஒட்டினால் சுருக்கமும் மஞ்சள் கறையும் வருகிறது. எப்படிச் சரியாக ஒட்டுவது?

கேட்டவர் ஒரு பழைய தேக்கு ஸ்டூலின் பலகையில் பூப்போட்ட கிஃப்ட் பேப்பரை ஃபெவிகால் தடவி ஒட்டியிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் வரிவரியாகச் சுருங்கிவிட்டது. வெள்ளை பெயின்ட் அடித்துத்தான் ஒட்டினாராம், ஆனாலும் வார்னிஷ் அடித்தபின் மஞ்சள் திட்டுகள் தெரிகின்றன.

இரண்டுக்குமே காரணம் தண்ணீர். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். காய்ந்த பேப்பரை ஈரப் பசை மேல் வைத்ததும் அது நீரைக் குடித்து விரியப் பார்க்கும். ஆனால் அதற்குள் அங்கங்கே பலகையோடு பிடித்துக்கொண்டிருக்கும். விரிய இடமில்லாமல் மடிந்து எழும்புவதுதான் அந்தச் சுருக்கம். கையால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் போகாது, பேப்பர்தான் கிழியும்.

அதனால் பேப்பரை ஒட்டுவதற்கு முன்பே விரிய விட்டுவிட வேண்டும். 80 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் என்றால் பின்பக்கத்தை ஈர ஸ்பாஞ்சால் சீராகத் துடைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். முதலில் சுருளும், பிறகு தளர்ந்து துணி மாதிரி படுக்கும். அதுதான் சரியான பதம். ஃபெவிகால் எம்ஆர் மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, பேப்பரில் இல்லாமல் பலகையில் மெல்லியதாகத் தடவுங்கள். பேப்பரின் நடுவை முதலில் வைத்து, பழைய ஏடிஎம் கார்டு போன்ற ஒன்றால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழியுங்கள். ஓரத்தில் பிதுங்கி வரும் பசையை உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். காயும்போது பேப்பர் சுருங்கி, மேளத் தோல் போல இழுத்துக்கொண்டு நிற்கும். ஈரத்தில் லேசான அலை தெரிந்தால் கை வைக்காதீர்கள். பெரும்பாலும் மறுநாள் காலையில் தானே தட்டையாகிவிடும். காய்ந்த பிறகும் குமிழ் இருந்தால், பிளேடால் சிறு கீறல் போட்டு, மருந்துக் கடை சிரிஞ்சில் நீர்த்த பசை ஏற்றி உள்ளே விட்டு, மேலே பட்டர் பேப்பர் போட்டுக் கனமான புத்தகத்தை வைத்துவிடுங்கள்.

இந்த ஈரப்படுத்தும் வேலை எல்லாத் தாளுக்கும் ஆகாது. முதலில் ஒரு மூலையை ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். சாயம் விரலில் வந்தால் அது இங்க்ஜெட் பிரிண்ட் அல்லது கெட்டியாகாத சாயம் போட்ட கைவினைத் தாள். அதற்கு இரண்டு பக்கமும் அக்ரிலிக் கிளியர் ஸ்பிரே இரண்டு மெல்லிய கோட் அடித்துக் காயவிட்ட பிறகே பசை. படத்தை நீங்களே அச்சடிப்பதானால் கடையில் கலர் லேசர் பிரிண்ட் கேளுங்கள், அதில் வரும் டோனர் என்ற மைப்பொடி தண்ணீரில் கரையாது. பளபள பிளாஸ்டிக் பூச்சுள்ள கிஃப்ட் பேப்பரை விட்டுவிடுங்கள், அதன் மேல் வார்னிஷ் பிடிக்காது. பத்திரிகைத் தாளில் பின்பக்க எழுத்து ஈரத்தில் தெரிந்துவிடும். புதுச்சேரியில் கிடைக்கும் மார்பிள் டிசைன் கைவினைத் தாள் இந்த வேலைக்கு அருமையான பொருள். கனமும் நாரும் உள்ளதால் ஈரத்தில் எளிதில் கிழியாது. சாயச் சோதனை மட்டும் அவசியம்.

பேப்பர் நாப்கின் வேறு கதை. அது பெரும்பாலும் இரண்டு மூன்று அடுக்காக வரும். அச்சுள்ள மேல் அடுக்கை மட்டும் உரித்தெடுக்க வேண்டும். ஈரப் பசையில் வைத்தால் கையோடு பிய்ந்து வந்துவிடும். பலகையில் பசை பூசி முழுதாகக் காயவிடுங்கள். நாப்கினை விரித்து, மேலே பட்டர் பேப்பர் வைத்து, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். காய்ந்த வெள்ளைப் பசை சூட்டில் இளகும், நாப்கின் சுருக்கமே இல்லாமல் பிடித்துக்கொள்ளும். நாப்கின் கண்ணாடி மாதிரி மெல்லியது, அடியில் வெள்ளை நிறம் இருந்தால்தான் படம் எடுப்பாகத் தெரியும்.

இனி மஞ்சள் கறை. திட்டு மர ரேகையையும் கணுவையும் ஒட்டிப் போனால் குற்றம் மரத்துடையது. தேக்கு, பலா போன்ற மரங்களின் சாயம் பசையிலும் பெயின்ட்டிலும் உள்ள தண்ணீரில் ஊறி மேலே ஏறிவிடும். மேற்பரப்பு முழுக்க ஒரே சீராக மஞ்சளாக இருந்தால் ஆயில் வார்னிஷ்தான் காரணம். கேட்டவருடையது திட்டாக இருப்பதால் மரத்தையே சந்தேகிக்கிறேன். ஒட்டியதை ஈரத்துணி போட்டு ஊறவைத்துச் சுரண்டி எடுங்கள். நன்றாகக் காய்ந்ததும் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து, 220 நம்பரால் இழையுங்கள். பிறகு அரக்கு பாலிஷ் இரண்டு கோட். அதில் இருப்பது ஸ்பிரிட் என்பதால் மரச்சாயத்தைக் கிளப்பாமல் அடைத்துவிடும். அதன் மேல் வெள்ளை பிரைமர். சன்மைக்கா பலகையாக இருந்தால் அரக்கு வேண்டாம். பளபளப்பு போகும்வரை 120 நம்பரில் தேய்த்து பிரைமர் அடித்தால் போதும்.

பலர் வேலையைக் கெடுத்துக்கொள்வது ஓரத்தில்தான். பேப்பரை அளவாக வெட்டி ஒட்டினால் எப்படியும் ஒரு பக்கம் குறையும். சுற்றிலும் ஒரு அங்குலம் கூடுதலாக விட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் காய்ந்ததும் மிச்சத்தைக் கீழே மடித்து, 220 உப்புத்தாளைச் சாய்வாகப் பிடித்து, மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். நாலைந்து இழுப்பில் பேப்பர் விளிம்பிலேயே அறுந்து விழும். கத்தரிக்கோல் தராத நேர்த்தி அது. மேல்நோக்கித் தேய்த்தால் பேப்பர் உரிந்துவிடும்.

வார்னிஷ் பூச பேப்பர் ஒட்டி 24 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள். அடியில் ஈரம் சிக்கினால் மேல்பூச்சு பால் போல மங்கும். வாட்டர் பேஸ்டு பியு (பாலியூரித்தேன்) வார்னிஷ், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று மணி நேர இடைவெளியில் ஐந்து கோட். மூன்றாவது கோட்டுக்குப் பிறகு மட்டும் 400 நம்பரால் பட்டும் படாமலும் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். 18ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்துக்காரர்கள் சீன அரக்கு வேலைப்பாட்டுக்கு மாற்றாக அச்சிட்ட படங்களை வெட்டி மேசை அலமாரிகளில் ஒட்டியபோது, படத்தின் விளிம்பு விரலில் தட்டுப்படாத வரை பூச்சு மேல் பூச்சாக ஏற்றினார்கள். பூக்களைத் தனித்தனியாக வெட்டி ஒட்டுபவர்களுக்கு இன்றும் அதுதான் அளவு, ஐந்து கோட் போதாது.

மைதா பசை மட்டும் வேண்டவே வேண்டாம். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. புத்தக பைண்டிங்கில் அதற்காகத்தான் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள், அது விஷம். காபி டம்ளர் வைக்கிற பலகையில் அந்த விஷப்பரீட்சை தேவையில்லை. வார்னிஷ் அடித்த பலகையில் தண்ணீர் சிந்தினால் துடைத்துவிடலாம், தாங்கும். சூடுதான் பிரச்சினை. வார்னிஷ் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் முழுதாக இறுக மூன்று வாரம் ஆகும். அதற்குள் சூடான டவரா வைத்தால் வெள்ளை வளையம் விழும். அதன் பிறகும் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைக்காதீர்கள், அடியில் இருக்கும் பசை அந்தச் சூட்டில் இளகிவிடும்.