ஜனவரியில் என் வயல் ஈரமானி 'மண் காய்ந்துவிட்டது' என்று காட்டுகிறது. கருவி கெட்டுவிட்டதா?

கேள்வி கேட்டவர் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் இருக்கிறார். வயலில் புதைத்த ஈரமானி அக்டோபரில் 30 சதவீதம் காட்டியதாம், இப்போது 10-க்கு இறங்கிவிட்டதாம். வெயில் இல்லை, பயிர் இல்லை, மேலே பனி மூடிக் கிடக்கிறது. அப்புறம் மண் எப்படிக் காயும் என்கிறார்.

கருவி அநேகமாகச் சரியாகத்தான் இருக்கிறது. இந்த வகை ஈரமானிகள் நீரை நேராக அளப்பதில்லை. மண்ணின் மின்காப்பு மாறிலியை (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இசைகிறது என்று காட்டும் எண்) அளந்து, அதிலிருந்து நீரைக் கணக்குப் போடுகின்றன. திரவ நீருக்கு அந்த மாறிலி 80-ஐ ஒட்டி இருக்கும். பனிக்கட்டிக்கு 3 சொச்சம்தான், ஏறக்குறைய மண் துகளுக்கு இருப்பது போல. ஆகவே உறைந்த நீர் கருவிக்குத் தெரிவதில்லை.

என்னைக் கேட்டால் காணாமல்போன 20 சதவீதத்தை விட மீதி நிற்கும் அந்த 10 சதவீதம்தான் சுவாரசியமானது. மைனஸில் இருக்கும் மண்ணுக்குள் இன்னும் திரவமாகவே கிடக்கும் நீர் அது. களிமண்ணில் மைனஸ் 5 டிகிரியிலும் கணிசமாக இருக்கும். மணலில் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே போனதுமே அநேகமாக எல்லாம் உறைந்துவிடும்.

மண் காயும்போது நடப்பதை முதலில் பாருங்கள். பெரிய துளைகளில் உள்ள நீர் முதலில் போகும், அந்த இடத்தில் காற்று நுழையும். மீதி நீர் சிறிய துளைகளுக்கும் துகள்களின் மேற்பரப்புக்கும் பின்வாங்கும். அங்கே மண்ணின் பிடி கடுமை. உறையும்போதும் இதே வரிசைதான். பெரிய துளைகளில் முதலில் பனிக்கட்டி உண்டாகிறது, திரவ நீர் சிறிய துளைகளுக்குள் ஒதுங்குகிறது. பக்கத்தில் இருப்பது காற்றா பனிக்கட்டியா என்பது ஒதுங்கிய நீருக்குப் பெரிய விஷயமில்லை.

இதற்கு எண் கணக்கும் உண்டு. பூஜ்யத்துக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் மண்ணின் பிடி ஏறத்தாழ 12 பார் கூடுகிறது (பார் என்பது அழுத்தத்தின் அலகு, ஒரு பார் ஏறக்குறைய நம் காற்றழுத்தத்தின் அளவு). வேளாண்மை படித்தவர்களுக்கு 15 பார் என்றதும் நிரந்தர வாடல் நிலை, அதாவது வேரால் நீரை எடுக்க முடியாமல் பயிர் மீளாமல் வாடும் நிலை, நினைவுக்கு வரும். நானும் படிக்கும்போது, காற்றழுத்தம் கொடுத்து மண்ணிலிருந்து நீரை வெளியேற்றும் அழுத்தத் தட்டுக் கருவியில் மண்ணை வைத்து 15 பாரில் நீர் பிரிவதற்காக நாள்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். குளிர்நாட்டு மண்ணில் அந்தப் பிடி மைனஸ் 1.2 அல்லது 1.3 டிகிரியிலேயே வந்துவிடும். துளை நிறையப் பனிக்கட்டி இருந்தாலும் வேருக்கு அது வாடல் மண்தான். குளிர்காலக் கடைசியில், வெயில் ஏறும் நாட்களில், ஊசியிலை மரங்கள் பழுப்பாகிப் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மேலே இலை நீரை இழக்கிறது, கீழே வேரால் இழுக்க முடியவில்லை.

வயல் கொள்திறன் (மிகுதி நீர் வடிந்தபின் மண் பிடித்து வைத்திருக்கும் நிலை) என்று நாம் வைத்திருக்கும் மூன்றில் ஒரு பங்கு பாருக்கு இதே கணக்கைப் போட்டால் பூஜ்யத்துக்குக் கீழே 0.03 டிகிரிதான் வருகிறது. சாதாரண வெப்பமானியின் பிழையே அதை விட அதிகம். வெப்பநிலை இறங்க இறங்கத் திரவ நீர் எவ்வளவு மிஞ்சுகிறது என்று காட்டும் உறைநிலை வளைகோட்டை ஈரமான பகுதியில் வரைவது அதனால்தான் பெரும்பாடு.

இந்த உறைநிலை வளைகோடும், பிடி கூடக் கூட நீர் குறைவதைக் காட்டும் காய்தல் வளைகோடும் உண்மையிலேயே ஒத்துப்போகின்றனவா என்று கூப்மன்ஸ், மில்லர் என்ற இருவர் 1966-இல் சோதித்து வெளியிட்டார்கள். களித்துகள்கள் மிகுந்த மண்ணில் அப்படியே பொருந்தின. துகளோடு துகள் தொட்டு நிற்கும் மண்ணில் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. நீருக்கும் காற்றுக்கும் இடையிலான பரப்பு இழுவிசை, நீருக்கும் பனிக்கட்டிக்கும் இடையில் உள்ளதைப் போல 2.2 மடங்கு. அந்த விகிதத்தைச் சேர்த்ததும் அதுவும் பொருந்தியது.

சரி, உறைவதும் காய்வதும் ஒன்றேதான் என்று முடித்துவிடலாமா? கூடாது. காயும் மண்ணும் கீழிருந்து நீரை இழுக்கிறது, ஆனால் இழுத்தது ஆவியாகப் போய்விடும். உறையும் மண் இழுத்த நீரை உள்ளேயே பனிக்கட்டியாக அடுக்கி வைக்கிறது. அதனால் 'காய்ந்த' மண்ணில் மொத்த நீர் கூடிக்கொண்டே போகும், தரையும் மேலெழும்பும். நீர் உறையும்போது விரிவதால்தான் தரை எழும்புகிறது என்று பலரும் சொல்வார்கள். ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1920-களின் கடைசியில் நீருக்குப் பதில் பென்சீனை மண்ணில் விட்டு உறைய வைத்தார். பென்சீன் உறையும்போது சுருங்கும். அப்படியும் மண் எழும்பியது. எழுப்புவது கீழிருந்து இழுக்கப்பட்டு வந்து சேரும் திரவம்தான். இதில் மோசமானது துகள் அளவில் மணலுக்கும் களிக்கும் நடுத்தரமான வண்டல் மண். மணலுக்கு இழுவை போதாது. களியில் இழுவை உண்டு, நீர் நகர்வதுதான் மெதுவு. நடுத்தர மண்ணில் இரண்டும் கூடிவருவதால் சாலைகளை அதுதான் பெயர்க்கிறது.

அந்தப் பனி அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய களிமண் நீரை இழந்து சுருங்கி இறுகும், வெடிக்கும். கோடையில் நம் கரிசல் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்தவர்களுக்கு உறைந்து உருகிய களியின் கட்டிகள் புதிதாகத் தோன்றாது.

உங்கள் பகுதியில் உப்பு மண் அதிகம், அதையும் கவனியுங்கள். உப்பு தன் பங்குக்கு உறைநிலையைத் தாழ்த்தும். ஆய்வகத்தில் எடுத்த காய்தல் வளைகோட்டில் இது தெரியாது, ஏனென்றால் அழுத்தத் தட்டில் நீரோடு உப்பும் வெளியே போய்விடுகிறது. உப்பு மண்ணில் மேலே சொன்ன 12 பார் கணக்கை அப்படியே போட்டால் தவறிவிடும்.

இப்போதைக்கு ஈரமானியோடு அதே ஆழத்து மண் வெப்பநிலையையும் பதிவு செய்யுங்கள். மைனஸில் இருக்கும்போது வரும் எண்ணைத் திரவ நீர் என்று மட்டும் படியுங்கள். மொத்த நீர் தெரிய வேண்டுமானால் துளைப்பானால் மண் எடுத்து, எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் உலர்த்துவதுதான் வழி. அதில் பனிக்கட்டியும் கணக்கில் வந்துவிடும். மண் உருகத் தொடங்கியதும் அதே வெப்பநிலைக்கு வேறு எண் வரும், பயப்பட வேண்டாம். காய்ந்து நனையும் மண்ணிலும் போகும் பாதை ஒன்று, திரும்பும் பாதை வேறு.