இங்கிலாந்தில் நாற்பது: எதை விடலாம், எதை விடக்கூடாது

கீழக்கரையிலிருந்து வந்து இங்கே தலைப்பிள்ளை பெற்ற தங்கச்சி ஒருவர் கேட்கிறார்: "பிள்ளைக்குப் பன்னிரண்டு நாள். உம்மா காலையும் மாலையும் வீடியோவில் வந்து எண்ணெய் தேய்த்தாயா, சாம்பிராணி போட்டாயா, சுறாப்புட்டு தின்றாயா என்கிறார். ஒன்றுமே உருப்படியாக நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஹெல்த் விசிட்டர், பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், வேறு வருகிறார். வீடு கிடக்கிற கிடையைப் பார்த்து என்ன நினைப்பாரோ?"

தங்கச்சி, ஊரில் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் ஓய்வாகத் தாய்வீட்டில் இருக்கிறாள், அதைத்தான் 'நாற்பது' என்கிறோம். குளிப்பாட்ட ஒருவர், பத்தியம் சமைக்க உம்மா, துணி அலச ஒருவர், ராத்திரி தூக்கி வைத்திருக்க உம்மம்மா. உம்மா கேட்கிற பட்டியல் அத்தனை கைகளுக்கும் சேர்த்துப் போட்டது. தையல் போட்ட உடம்போடு ஒருத்தி அதை முடிக்க முடியாது. ஆகவே பாதியை இன்றைக்கே வெட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை வருகிறவர் பார்ப்பது பிள்ளை எங்கே படுக்கிறது, எப்படிப் பால் குடிக்கிறது, எடை என்ன, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பதை. சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தை எண்ண அவர் வரவில்லை. வியாழன் ராத்திரி தரை தேய்க்கப் போகிறீர்கள் என்றால் அந்த நேரத்தில் தூங்குங்கள்.

குளியல் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். மற்ற நாளில் முகம், கழுத்து மடிப்பு, கை, அடிப்பக்கம் மட்டும் நனைத்த பஞ்சால் துடைத்தால் சரி. சாம்பிராணியை விட்டுவிடுங்கள். புகை பிள்ளையின் நுரையீரலுக்கு ஆகாது, ஸ்மோக் அலாரமும் கத்தும். மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். தேன் ஒரு வயதுவரை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வை என்பார்கள். ஒரு வயதுவரை தலையணையே கூடாது. வீட்டுக்குள் குல்லாவும் வேண்டாம். பிள்ளை தலை வழியாகத்தான் சூட்டை வெளியே விடும், அறை 16 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் போதும்.

சுறாப்புட்டு வாரம் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம், சுறாவில் பாதரசம் அதிகம். சாளை, அயிலை இரண்டு வேளை வரை. பால் ஊறும் என்று ஊரில் சொல்லும் காரல் மீன் கிடைத்தால் ஆணம் (குழம்பு) வையுங்கள், கிடைக்காவிட்டால் அதற்காக ஊரைச் சுற்ற வேண்டாம். பால் ஊறுவது முக்கியமாகப் பிள்ளை சப்புவதால்தான்: 24 மணி நேரத்தில் குறைந்தது எட்டுத் தடவை.

பால் போதுகிறதா என்று எத்தனை நிமிடம் குடித்தது என எழுதி வைக்காதீர்கள். ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு கனத்த, ஈர நாப்பி வரவேண்டும், அதை எண்ணினால் போதும். பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். அதன் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை நிறுத்தால் போதும். சிவப்புப் புத்தகத்தில், அதாவது பிள்ளையின் உடல்நலப் பதிவேட்டில், எடை 9 என்ற கோட்டில் இருக்கிறது என்றால் மார்க் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நூறு பிள்ளைகளில் ஒன்பது பேர் அதைவிட எடை குறைவு, அவ்வளவுதான். கோடு விட்டுக் கோடு கீழே இறங்கினால்தான் பேச வேண்டியது.

கறாராக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. புட்டிப்பால் கொடுப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை, ராத்திரி ஒரு புட்டியை மச்சான் (உங்கள் கணவர்) கொடுத்தால் உங்களுக்குச் சேர்ந்தாற்போல நாலு மணி நேரத் தூக்கம் கிடைக்கும். ஆனால் கலக்குவதில் அளவு பிசகக்கூடாது. கெட்டிலில் ஒரு லிட்டர் புதுத் தண்ணீர் கொதிக்க வைத்து அரை மணிக்கு மேல் ஆறவிடாமல் எடுங்கள். குறைவாகத் தண்ணீர் வைத்தால் சீக்கிரம் ஆறிப்போகும்; பவுடரில் இருக்கும் கிருமி சாக 70 டிகிரியாவது வேண்டும். தண்ணீரை முதலில் புட்டியில் அளந்து ஊற்றி, பிறகு கரண்டியைத் தட்டையாக வழித்துப் பவுடர் போடுங்கள். பவுடரை முதலில் போட்டாலோ குவித்துப் போட்டாலோ பால் கெட்டியாகி மலச்சிக்கல் வரும், உடம்பில் நீர் வற்றும். குழாய்த் தண்ணீரில் புட்டியைக் காட்டி ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

பிள்ளை மல்லாந்து, தன் தொட்டிலில், உங்கள் அறையிலேயே தூங்கட்டும். பால் கொடுத்தபடி சோபாவில் கண்ணயர்வது மிக ஆபத்து. மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே 111 என்ற மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். தாய்ப்பால் பிள்ளைக்குத் தினமும் வைட்டமின் டி சொட்டு உண்டு. இன்னொன்று, நாற்பது கழியட்டும் என்று பிறப்புப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். கெடு 42 நாள், அப்பாயின்ட்மென்ட் உடனே கிடைக்காது.

மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகை இரண்டு வாரத்தில் அடங்கும். அடங்காமல், பிள்ளை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வராமல், மூச்சு இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு, கழுவிய புட்டியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தால் அது அக்கறை தாண்டிய பதற்ற நோவு. பத்தில் ஒரு தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வருகிறது, இரண்டுக்கும் மருத்துவம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வருகிறவரிடமே சொல்லலாம். சொன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது நம்மவர்களிடையே ஓடும் பயம், அதை நம்பாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், கட்டணம் கிடையாது. இந்தப் பேச்சுக்கு மட்டும் மச்சானை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.