ஹெட்செட் மாட்டும் வேலைக்கு என்ன படிக்க வேண்டும்?

அன்புள்ள சகோதரிக்கு,

டாலஸ் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பதினோராம் வகுப்பு படிக்கும் மகன், கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் 'பிளே' (அடுத்த முயற்சியை எப்படி ஆட வேண்டும் என்ற திட்டம்) சொல்லும் பயிற்சியாளராக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறான். உங்கள் கணவரோ, "கத்துவதற்கா சம்பளம்?" என்று கேட்கிறார். பள்ளி அணியில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இது நடக்கிற காரியமா என்பது உங்கள் கவலை.

கணவருக்கு முதலில் பதில். கோட்டோரம் நின்று கத்துகிறவர் பெரும்பாலும் பிளே சொல்கிறவர் அல்ல. ஆவேசத்தில் களத்துக்குள் கால் வைத்துவிடும் தலைமைப் பயிற்சியாளரைச் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுப்பதற்கென்றே பல அணிகளில் ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் உடற்பயிற்சிப் பொறுப்பாளருக்கு அந்த வேலை விழும். பிளே சொல்கிறவர் லாமினேட் செய்த ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு தணிந்த குரலில் பேசுவார். அல்லது டிவியில் தெரியாமல் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார்.

அவர் யார் என்பதைப் பதவிப் பெயரை வைத்துச் சொல்லிவிட முடியாது. தாக்குதல் ஆட்டத்துக்குப் பொறுப்பான அஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டர் என்ற பதவி பெரும்பாலான அணிகளில் உண்டு. ஆனால் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் 2024 அணியில் அந்தப் பதவியில் இருந்தவர் கைல் ஃப்ளட். பிளே சொன்னவர் தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் சார்கிசியன். ஒஹையோ ஸ்டேட்டில் ரயன் டே பல ஆண்டுகள் தானே சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, 2024-இல் அந்தப் பொறுப்பைச் சிப் கெல்லியிடம் கொடுத்தார். கெல்லி அதற்காக யூசிஎல்ஏ பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவியையே விட்டு வந்தவர். அந்தப் பருவத்தில் ஒஹையோ ஸ்டேட் தேசியச் சாம்பியன் ஆனது.

இனி வேலையைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு பிளே முடிந்ததும் 40 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கும். 2024 முதல் முதல்நிலைக் கல்லூரி அணிகளில் களத்தில் நிற்கும் ஒரு வீரரின் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் வைக்க அனுமதி உண்டு. ஹெல்மெட்டின் பின்புறத்தில் பச்சைப் புள்ளி இருக்கும். கடிகாரம் 15-ஐத் தொட்டதும் இணைப்பு அறுந்துவிடும். ஆக, பேசக் கிடைப்பது 25 விநாடி. அதற்குள் மேலறையில் இருப்பவர் "மூன்றாவது டவுன், 7 யார்டு, பந்து இடப்பக்கம்" என்று ஹெட்செட்டில் சொல்ல வேண்டும். (10 யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்; 7 யார்டு என்பது இன்னும் முன்னேற வேண்டிய தூரம்.) இன்னொருவர் எதிரணி யாரை மாற்றி இறக்குகிறது என்று சொல்ல வேண்டும். கீழே ஒருவர் டேப்லெட்டில் அணி கடைசியாகப் பந்தை வைத்து ஆடிய பகுதியின் வீடியோவை வீரர்களுக்குக் காட்டிக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் நடுவில், யாரை இறக்குவது, எப்படி நிற்க வைப்பது, யாரை நகர்த்துவது, எந்த பிளே என்பதையெல்லாம் ஒரே மூச்சில், பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கின் காதில் போட வேண்டும். ஓர் ஆட்டத்தில் இது ஏறத்தாழ 60, 70 முறை நடக்கும்.

25 விநாடியில் யாராலும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. லாமினேட் செய்த அந்தத் தாளில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாவது டவுனில் 7 யார்டு என்றால் எந்தக் கட்டம், கோலுக்கு 20 யார்டுக்குள் வந்தால் எந்தக் கட்டம், பாதி நேரம் முடிய இரண்டு நிமிடம் இருந்தால் எந்தக் கட்டம் என்று பிரித்து எழுதியிருப்பார்கள். முதல் 15 பிளேக்களை முன்கூட்டியே வரிசையாக எழுதி வைக்கும் பழக்கத்தைப் பரப்பியவர் பயிற்சியாளர் பில் வால்ஷ். அந்தத் தாள் வாரம் முழுவதும் தயாராகிறது. எதிரணியின் முந்தைய ஆட்டங்களை ஒவ்வொரு பிளேயாக நிறுத்தி நிறுத்திப் பார்த்து, டவுன், தூரம், அணிவகுப்பு எல்லாவற்றையும் பதிவு செய்வது இளம் உதவியாளர்களின் வேலை. இரவு பகல் பாராத, பெயர் வராத வேலை. உங்கள் மகனுக்குத் தடை என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான். பெஞ்சில் உட்கார்ந்ததில் இல்லை.

மைக் லீச் கல்லூரியில் ஃபுட்பாலே ஆடியதில்லை. பெப்பர்டைன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். டெக்ஸாஸ் டெக்கின் தலைமைப் பயிற்சியாளராகப் பத்துப் பருவங்கள் இருந்து, பந்தை ஓயாமல் வீசும் ஆட்டத்தால் பெயர் பெற்றார். அவரிடம் குவாட்டர்பேக்காகச் சேர்ந்த லிங்கன் ரைலிக்கு அணியில் இடம் கிடைக்கவில்லை. மாணவர் உதவியாளராக மாறினார். பிறகு பட்டமேற்படிப்பு உதவியாளர். 26 வயதில் ஈஸ்ட் கரோலைனாவின் அஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டர். 2017-இல், 33 வயதில், ஓக்லஹோமாவின் தலைமைப் பயிற்சியாளர். இப்படி ஏறியவர்கள் சிலரே. நுழைகிற வாசல் எல்லாருக்கும் இதுதான். இன்னொரு நல்ல செய்தி: ஆட்டத்தன்று வீரர்களுக்கு நேரடியாகப் பாடம் சொல்லும் பயிற்சியாளர்களின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை 2024-இல் நீக்கிவிட்டார்கள். வெறும் பகுப்பாய்வாளராக வாய்மூடி இருந்த இளைஞர்களும் இப்போது வாய் திறக்கலாம்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். பெரிய பல்கலைக்கழகங்களில் கோ-ஆர்டினேட்டர் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிறார். அடிமட்டத்தில் இருப்பவருக்கு வாடகைக்கே இழுபறி. வேலை நிரந்தரமும் இல்லை. அயோவாவில் பிரையன் ஃபெரன்ட்ஸ், தன் தந்தையே தலைமைப் பயிற்சியாளராக இருந்த அணியின் கோ-ஆர்டினேட்டர். 2023-இல் அவருடைய ஒப்பந்தத்தில் சம்பளத்தைக் குறைத்து, ஆட்டத்துக்குச் சராசரியாக 25 புள்ளி எடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அணி அந்தப் பருவத்தில் 10 ஆட்டங்களில் வென்றது. ஆனாலும் புள்ளிகள் வரவில்லை. பருவம் முடிவதற்குள்ளேயே அடுத்த ஆண்டு அவர் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். தலைமைப் பயிற்சியாளர் போனால் கூட இருந்தவர்களும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

ஆகவே படிப்பு விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். விளையாட்டு மேலாண்மையில்தான் சேர வேண்டும் என்று அவன் அடம்பிடித்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். கணிதமோ புள்ளியியலோ எடுக்கட்டும், ஆசிரியர் சான்றிதழையும் சேர்த்து வாங்கட்டும். டெக்ஸாஸ் அரசுப் பள்ளிகளில் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களும்கூட. கல்லூரியில் கை நழுவினாலும் இந்த மாநிலத்தில் வெள்ளிக்கிழமை இரவுப் பள்ளி ஆட்டங்களுக்கு ஆள் தேவை தீராது. மதிப்பெண்ணும் முக்கியம். பட்டமேற்படிப்பு உதவியாளர் இடத்துக்கு முதலில் அந்தப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு அனுமதி கிடைத்தாக வேண்டும். கிடைத்தால் கட்டணச் சலுகையும் சிறிய உதவித்தொகையும் வழக்கமாக வரும்.

இதற்கெல்லாம் முன்பு, வீட்டிலேயே ஒரு பரீட்சை வையுங்கள். பதிவு செய்த ஒரு கல்லூரி ஆட்டத்தை முழுதாகப் போட்டுவிட்டு ஒரு நோட்டைக் கையில் கொடுங்கள். ஒவ்வொரு பிளேக்கும் டவுன், தூரம், பந்து இருந்த பக்கம், எத்தனை ரிசீவர்கள் (வீசும் பந்தைப் பிடிப்பவர்கள்), ஓட்டமா வீச்சா, என்ன கிடைத்தது என்று எழுதட்டும். கடைசியில், மூன்றாவது டவுனில் அந்த அணி எதை அதிகம் செய்தது என்று உங்கள் கணவருக்கு விளக்கட்டும். அரை மணியில் ஃபோனை எடுத்துவிட்டால் அவனுக்குப் பிடித்தது ஆட்டம் பார்ப்பது மட்டும்தான். முடித்துவிட்டு அடுத்த ஆட்டத்தைக் கேட்டால், இந்தப் பருவமே பள்ளிப் பயிற்சியாளரிடம் போய், அணியின் வீடியோக்களைக் குறித்துத் தருகிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த வேலைக்குப் போட்டி அதிகம் இருக்காது. கல்லூரி விண்ணப்பத்துடன் அந்த நோட்டையும் பயிற்சியாளரின் கடிதத்தையும் ஃபுட்பால் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பலாம். மாணவர் உதவியாளர் இடம் உண்டா என்று கேட்டு ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதட்டும். அவன் எழுதியதை எனக்கு முதலில் காட்டினால் திருத்தித் தருகிறேன்.